பெய்யக்கூடும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



இந்தத் தொடரிலே கவிதை பற்றியும் கதை பற்றியும் பலர் பேசியிருக்கிறார்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நூலை அல்ல, ஒரு வினைச்சொல்லை. நாள்தோறும் செய்தியின் முடிவிலே நீங்கள் கேட்கின்ற சொல் அது. ‘வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அவ்வப்போது மழை பெய்யக்கூடும்.’ அந்தப் ‘பெய்யக்கூடும்’ என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இலக்கியத்துக்கும் வானிலை அறிக்கைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். கதையைக் கேட்டுவிட்டு யாரும் வள்ளத்தைக் கரையில் இழுத்துக் கட்டுவதில்லை. வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுக் கட்டுகிறார்கள். வெட்டிய நெல்லை மூடுவதா விரிப்பதா என்று முடிவு செய்கிறார்கள். ஒரு வசனம் தெளிவாக அமைந்தால் ஓர் உயிர் தப்பும், தெளிவில்லாமல் அமைந்தால் ஒரு குடும்பத்தின் மூன்று நாள் உழைப்புப் போகும். இவ்வளவு பொறுப்பு உள்ள உரைநடையைப் பற்றிப் பேசுவது இலக்கியத் தொடருக்குப் புறம்பான காரியம் என்று நான் நினைக்கவில்லை.

நான் கொழும்புத்துறையில் வாழ்பவன். யாழ்ப்பாணப் பட்டினத்தின் தென்கிழக்கே, கடனீரேரியின் வடகரையில் இருக்கின்ற ஊர் அது. மேற்கே பாசையூரும் குருநகரும். கிழக்கே அரியாலை. தெற்கே பார்த்தால் நீருக்கு அப்பால் பூநகரி. ஒரு காலத்தில் எங்கள் துறையிலிருந்து பூநகரிக்கு வள்ளங்கள் ஓடின. இன்றும் ஊரிலே ஒரு பகுதியினருக்குக் கடல்தான் சோறு. அரியாலைப் பக்கம் போனால் மழையை நம்பி விதைக்கின்ற வயல்கள்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிலே பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆண்டு முழுவதும் ஓடுகின்ற ஆறு எங்களுக்கு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர்தான் அடுத்த ஆண்டு வரை கிணறுகளில் நிற்கிறது. ஆகவே மழை வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வராது. ஆனால் அந்த மழை சில வேளைகளில் ஒரே நாளில் வந்து நிற்கும். 2008ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி, ‘நிஷா’ சூறாவளியின்போது, யாழ்ப்பாணத்தில் 24 மணித்தியாலத்தில் 390 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்தது. ஓர் ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட ஊரிலே ‘நாளை என்ன, நாளை மறுநாள் என்ன’ என்ற கேள்வி பொழுதுபோக்குக்காகக் கேட்பது அல்ல.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் மூன்று வகையான விடைகள் இருக்கின்றன.

முதலாவது, பஞ்சாங்கம். இந்த ஆண்டு எந்த மேகம், எத்தனை மரக்கால் மழை என்று அது சொல்லும். மார்கழியிலே கர்ப்போட்டம் பார்க்கின்ற வழக்கமும் உண்டு. அன்றைய மேக ஓட்டத்தைக் கண்டு ஆறரை மாதம் கழித்து வரும் மழையைக் குறிப்பது அதன் முறை. 195 நாள் என்ற கணக்கை வராகமிகிரர் தம் ‘பிருகத்சங்கிதை’யில் எழுதியிருக்கிறார். இது பருவத்தைப் பற்றிய நம்பிக்கை. நாளைக்கு வள்ளம் இறக்கலாமா என்ற கேள்விக்கு இதிலே விடை தேட முடியாது.

இரண்டாவது, பெரியவர்களின் கண். சந்திரனைச் சுற்றி வட்டம் கட்டினால் மழை கிட்ட என்பார்கள். அதிலே பொருள் இருக்கிறது. மிக உயரத்தில் பனித்துகளாலான மெல்லிய முகில் பரவும்போதுதான் அந்த வட்டம் தோன்றும். மழைத் தொகுதி ஒன்று வருவதற்கு முன்னோடியாக அந்த முகில் வருவது உண்டு. காற்றைப் பற்றிய அறிவு இதைவிட நுட்பமானது. எங்கள் கரையில் காற்றுக்குத் திசை மட்டுமல்ல, பெயரும் உண்டு. வடக்கு, வடகிழக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கு, தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். செங்கை ஆழியான் நெடுந்தீவைக் களமாக வைத்து எழுதிய நாவலுக்கு ‘வாடைக்காற்று’ என்றே பெயரிட்டார். 1978இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஒரு காற்றின் பெயரைச் சொன்னால் ஒரு பருவமும் ஒரு தொழிலும் கண்முன் வந்து நிற்கின்ற ஊர் எங்களுடையது. ஆனால் பெரியவர்களின் கண் இன்றிரவையும் நாளைக் காலையையும் காணும். அதற்கு அப்பால் காண்பதற்குத் தொடுவானம் மறைக்கிறது.

மூன்றாவது விடைதான் வானொலி. 1990க்குப் பிந்திய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லாதிருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஒருவர் மிதியைச் சுற்ற மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். செய்தி முடிந்ததும் எழும்பாமல் வானிலை அறிக்கை வரையும் இருந்தவர்கள் கடற்றொழிலாளரும் தோட்டக்காரரும். பஞ்சாங்கம் ஆண்டைச் சொல்கிறது, பெரியவர் இன்றிரவைச் சொல்கிறார். இடையிலே உள்ள மூன்று நாள், ஐந்து நாள் என்ற இடைவெளியை வானிலை அறிக்கை ஒன்றுதான் நிரப்புகிறது. வலை வாங்கக் கடன் எடுப்பதும், கூலிக்கு ஆள் சொல்வதும், அறுவடைக்கு மெசினுக்குச் சொல்லி வைப்பதும் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கின்றன.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தொழிலாளி ஒருவர் ஒருநாள் படலையடியில் நின்று என்னைக் கேட்டார். “மாஸ்டர், மழை பெய்யக்கூடும், காத்து வீசக்கூடும் எண்டு சொல்லுறாங்கள். கூடும் எண்டால் நான் வள்ளத்தை இறக்கிறதோ, இழுத்துக் கட்டுறதோ? ரெண்டில ஒண்டைச் சொல்லச் சொல்லுங்கோ.” சற்று நின்றுவிட்டு மேலும் சொன்னார். “போகாதையுங்கோ எண்டு சொன்ன நாளும் இருக்கு. அண்டைக்குக் கடல் பளிங்கு மாதிரிக் கிடந்தது. வீட்டில அடுப்பு எரியேல்லை.”

இது நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்வதற்கு, ‘கூடும்’ என்ற சொல் ஏன் அங்கே வந்தது என்று முதலில் பார்க்கவேண்டும்.

கூடுதல் என்றால் சேர்தல். மழையும் பல காரியங்கள் ஒன்று கூடினால்தான் வரும். கடலிலே வெப்பம் இருக்கவேண்டும், காற்றிலே ஈரம் இருக்கவேண்டும், அந்தக் காற்று மேலெழவேண்டும், மேலே உள்ள காற்று அதைச் சிதைக்காமல் விடவேண்டும். இவற்றையெல்லாம் இன்று கணினிகள் கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கிலே உள்ள சங்கடத்தை முதலில் கண்டவர் அமெரிக்காவின் எட்வேர்ட் லோரன்ஸ். 1961இல் அவர் தமது கணினியில் 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று கொடுத்தார். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வேறுபாடு. சில காலம் சென்றதும் இரண்டு கணக்கும் வேறு வேறு வானிலையைக் காட்டின. தொடக்கத்தில் உள்ள சிறு வித்தியாசம் நாள் போகப் போகப் பெருகுகிறது. கடல்மேல் எல்லா இடத்திலும் அளவுகருவி வைக்க முடியாது. ஆகவே தொடக்கத்தை எவராலும் முழுத் துல்லியமாக அளக்க முடியாது.

இதற்கு ஆய்வாளர் கண்ட வழி, ஒரு கணக்கை மட்டும் போடாமல் பல கணக்குகளைப் போடுவது. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் உள்ள ஐரோப்பிய நடுத்தர கால எதிர்வுகூறல் நிலையம் 1992 முதல் இதைச் செய்து வருகிறது. தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஒரே வானிலையை 51 முறை கணக்கிடுகிறார்கள். 51 கணக்கும் ஒரே பாதையைக் காட்டினால் நம்பிக்கை கூடும். ஒன்று சென்னைக்கும் இன்னொன்று முல்லைத்தீவுக்குமாகப் பிரிந்தால் நம்பிக்கை குறையும். ‘கூடும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. ஆகவே அது மழுப்பல் அல்ல. தெரிந்ததற்கு மேல் சொல்லமாட்டேன் என்ற நேர்மை.

எங்கள் கடலிலே நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இரவு ‘புரெவி’ சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே, திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியது. கரையேறும் இடமும் நேரமும் முன்கூட்டியே நன்றாகச் சொல்லப்பட்டிருந்தன. அடுத்து அது மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கித் தென் தமிழகக் கரையைக் கடந்து போகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அது இராமநாதபுரக் கரைக்கு அண்மையில் வந்து நின்றுவிட்டது. அதைத் தள்ளிக்கொண்டு போகின்ற மேற்காற்றுகள் ஒன்றையொன்று தடுத்துவிட்டன. மையம் அங்கே நிற்க, மழை தொலைவிலே சிதம்பரத்தை மூழ்கடித்தது. இங்கே யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் முற்றத்தில் வெள்ளம் நின்றது.

மற்றது 2024 நவம்பர். ஆழ்ந்த தாழமுக்கம் ஒன்று எங்கள் கிழக்குக் கரையோரமாக மெல்ல நகர்ந்தது. அது ‘பெங்கல்’ என்ற சூறாவளியாகும் என்றார்கள். ஆகவில்லை. பின்னர் ஆகாமலே கரையைக் கடக்கலாம் என்றார்கள். 29ஆம் திகதி அது சூறாவளியாகியது. 30ஆம் திகதி இரவு புதுச்சேரிக்கு அண்மையில் கரையேறி, அங்கேயே தயங்கி நின்று, ஒரே நாளில் 450 மில்லிமீற்றருக்கு மேல் பெய்து தீர்த்தது. அந்த வாரம் பலர் எதிர்வுகூறுவோரைக் கேலி செய்தார்கள். ஆனால் நேயர்களே, சூறாவளி என்ற பெயர் வருவதற்கு முன்னரே, தாழமுக்கமாக இருந்தபோதே, அது எங்கள் கிழக்கு மாகாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்திவிட்டது. பெயர் மாறியதும் மாறாததும் பற்றி வாதிட்டவர்கள், மழை பற்றிய எச்சரிக்கை சரியாகவே இருந்ததைக் கவனிக்கவில்லை.

கேலி என்றதும் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. இங்கிலாந்தில் 1861இல் கடலோடிகளுக்குப் புயல் எச்சரிக்கையும் பத்திரிகைகளில் வானிலை எதிர்வுகூறலும் தொடங்கியவர் றொபேட் பிற்ஸ்றோய். இளைஞர் டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிய ‘பீகிள்’ கப்பலின் தலைவரும் அவரே. இது சோதிடம் அல்ல, கணக்கின் வழி வரும் கருத்து என்று வேறுபடுத்துவதற்காகவே ‘முன்கூட்டிக் கணித்தல்’ என்ற பொருளில் ஒரு புதுச் சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். தவறிய நாட்களைப் பிடித்துக்கொண்டு அறிஞர்களும் பத்திரிகைகளும் அவரைப் பரிகசித்தன. பல துன்பங்களால் மனம் உடைந்திருந்த அவர் 1865இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அரசாங்கம் புயல் எச்சரிக்கைகளை நிறுத்தியது. அப்போது எங்களுக்கு அவை வேண்டும் என்று குரல் எழுப்பியவர்கள் கடலோடிகளும் துறைமுக மக்களும். 1867இல் எச்சரிக்கை மீண்டும் தொடங்கியது. பத்தில் சில தவறினாலும் மற்றவை உயிர் காக்கும் என்பதைக் கடலுக்குப் போகிறவர்கள் அறிந்திருந்தார்கள்.

அப்படியானால் எங்கள் ஒழுங்கைத் தொழிலாளியின் கேள்வி தவறா? இல்லை. ‘கூடும்’ என்பது நேர்மையான சொல். ஆனால் தனியே நிற்கும்போது அது முழுமையான சொல் அல்ல. எங்கே, எப்போது, எவ்வளவு நிச்சயம் என்ற மூன்றும் அதனோடு சேரவேண்டும்.

‘வடக்கு மாகாணத்தில்’ என்றால் மன்னாரும் வடக்கு மாகாணம், பருத்தித்துறையும் வடக்கு மாகாணம். பருத்தித்துறையில் ஆழ்கடல் திறந்து கிடக்கிறது. கொழும்புத்துறையில் ஆழமில்லாத கடனீரேரி. எங்களுக்குக் காற்றின் வேகத்தைவிடத் திசை பெரிது. வாடை பலமாக அடித்தால் நீரைப் பூநகரிப் பக்கம் தள்ளும். அதே காற்றுத் தெற்குக்குத் திரும்பினால், போன நீர் எங்கள் கரைக்கு ஏறி வரும். தாழமுக்கம் எங்களுக்குக் கிழக்கே இருக்கும்வரை இங்கே வாடை. அது மேற்கே கடந்துபோனால் தென்காற்று. ‘காற்று அடங்கிவிட்டது’ என்று வலை பார்க்க இறங்குபவருக்கு இந்த மாற்றத்தை யாராவது முன்கூட்டிச் சொல்லவேண்டும்.

இதை நாங்களும் ஓரளவு கண்டுகொள்ளலாம். ஒல்லாந்து அறிஞர் பைஸ் பலோட் 1857இல் ஒரு விதியைச் சொன்னார். எங்கள் அரைக்கோளத்தில், காற்று முதுகில் படும்படி நின்றால், தாழமுக்கம் உங்கள் இடக்கைப் பக்கத்தில் இருக்கும். இதற்குக் கருவி வேண்டாம். மின்சாரம் வேண்டாம். கையிலே வானொலி இல்லாதபோதும் கரையில் நின்று செய்து பார்க்கலாம். அறிக்கை சொல்லும் திசையோடு அதை ஒப்பிடலாம்.

சொற்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பாக்குநீரிணையின் இரு கரையிலும் தமிழ்தான். ஆனால் நாங்கள் தாழமுக்கம் என்பதை அவர்கள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்கிறார்கள். நாங்கள் சூறாவளி என்பதை அவர்கள் புயல் என்கிறார்கள். எங்கள் தொழிலாளர் இரண்டு கரை வானொலியையும் கேட்பவர்கள். இந்தியக் கணக்கிலே மணிக்கு 31 முதல் 50 கிலோமீற்றர் வரை காற்று இருந்தால் தாழ்வு மண்டலம், 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அதற்கு மேல் புயல். இந்த அட்டவணையை எங்கள் சொற்களோடு சேர்த்துப் பாடசாலைச் சுவரிலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் எழுதி வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஓர் அறிக்கையை இப்படி அமைத்துப் பாருங்கள். ‘நாளை நண்பகல் வரை யாழ்ப்பாணக் கடனீரேரியில் தொழிலுக்குப் போய்வரலாம். நாளை மாலை வாடை பலக்கும். நாளை மறுநாள் காற்று சோளகத்துக்குத் திரும்பும், தென்பார்த்த கரைகளில் நீர் ஏறும். முதல் நாளைப் பற்றிய கணிப்புப் பத்தில் ஒன்பது நிச்சயம். மூன்றாம் நாளைப் பற்றியது பத்தில் ஆறு. நாளை மாலை ஆறு மணி அறிக்கையை மீண்டும் கேளுங்கள்.’ இதிலே ‘கூடும்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் ‘கூடும்’ சொல்ல விரும்பிய நேர்மை முழுவதும் இருக்கிறது. அண்மைக் காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா அவர்கள் வடபகுதிக்கான எதிர்வுகூறல்களைத் திகதி சொல்லி, மாவட்டம் சொல்லி, எளிய தமிழில் வெளியிட்டு வருகிறார். அவற்றை மக்கள் கைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதற்குக் காரணம், தங்கள் ஊரின் பெயர் அதிலே இருப்பதுதான்.

கணிப்பு முன்னேறித்தான் வருகிறது. பத்து ஆண்டுக்கு ஒரு நாள் என்ற விகிதத்தில் அதன் எல்லை நீண்டிருக்கிறது. இருபது ஆண்டுக்கு முன்னர் மூன்று நாளுக்குச் சொன்ன அதே தரத்தில் இன்று ஐந்து நாளுக்குச் சொல்ல முடிகிறது. ஆனால் அந்தக் கூடுதலான இரண்டு நாளும் கேட்பவரின் காதிலே விளங்குகின்ற சொல்லாக வந்து சேர்ந்தால்தான் பயன். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய ‘டித்வா’, காற்றின் வேகத்தைக் கொண்டு பார்த்தால் பெரிய சூறாவளி அல்ல. அதன் மழையும் மலைநாட்டு மண்சரிவும் சேர்ந்து அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. ‘சிறிய சூறாவளிதானே’ என்று காற்றின் எண்ணை மட்டும் கேட்பவருக்கு, மழையின் எண்ணையும் மலைச்சரிவின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது அந்த இழப்பு விட்டுச் சென்ற பாடம்.

சொல்பவருக்கு இருக்கின்ற கடமை இது. கேட்பவருக்கும் ஒன்று உண்டு. எச்சரித்த நாளில் கடல் பளிங்காகக் கிடந்தால், அதைப் பொய் என்று எழுதி வைக்காதீர்கள். பத்தில் ஏழு என்று சொன்ன கணிப்பு, பத்தில் மூன்று முறை தவறத்தான் வேண்டும். அந்த மூன்று நாள் பட்டினியைத் தொழிலாளி மட்டும் சுமப்பது நியாயமல்ல. எச்சரிக்கையால் கரையில் நின்ற நாளுக்கு ஒரு சிறு உதவித்தொகையைச் சங்கமோ அரசோ கொடுக்குமானால், மக்கள் எச்சரிக்கையை நம்புவார்கள். அடுப்பு எரியாத வீட்டிலே எவ்வளவு திருத்தமான தமிழில் அறிக்கை வாசித்தாலும் வள்ளம் இறங்கத்தான் செய்யும்.

இன்று மாலையும் அந்த அறிக்கை வாசிக்கப்படும். ‘பெய்யக்கூடும்’ என்ற சொல் வந்ததும் எழுந்து போய்விடாமல், எங்கே, எப்போது, எந்தக் காற்று என்று இன்னும் ஒரு நிமிடம் கேளுங்கள். அந்த மூன்றும் அதிலே இல்லையென்றால், வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.